இருப்பிடம் தெரியாதவர்கள் பட்டியல்

போன மாதம் காயத்ரி போன் செய்தாள். நான் வேலை பார்த்த வரைபடக் கம்பெனியில் இப்போது என் வேலையைப் பார்ப்பவள். சென்னைப் பெண், நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மெண்டில் உட்கார்ந்தபடியே கலிபோர்னியா கம்பெனிக்கு வேலை செய்கிறாள். எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?

“அங்கிள், ஒரு சின்ன டவுட். அந்த டகோட்டா ரிசர்வேஷன் டேட்டா இருக்குல்ல, அதுல நிறைய ஓனர்ஸ் பேருக்கு நேரா ‘இருப்பிடம் தெரியவில்லை’ன்னு ஒரு ஸ்டேட்டஸ் இருக்கு. புது சாஃப்ட்வேர் அட்ரஸ் இல்லாத ஆளை எடுத்துக்கவே மாட்டேங்குது. அந்த ரோ எல்லாத்தையும் டெலீட் பண்ணிடட்டுமா?”

“அம்மா தாயே, கையை வைச்சிடாதே!” என்று கத்திவிட்டேன். சமையலறையில் இருந்த என் மனைவி சரசு கரண்டியோடு ஓடி வந்தாள். எனக்கு மாரடைப்பு என்றே நினைத்துவிட்டாளாம்.

காயத்ரிக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். போனை வைத்த பிறகும் பாதிதான் சொன்னதாகத் தோன்றியது. அந்தப் பட்டியலில் இருந்த ஒருவரைத் தேடிப் போய் நான் அசடு வழிந்த கதையை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மானம் போகும் என்று விட்டுவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு மானம் எதற்கு? இங்கே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். கோயம்புத்தூரில் சிவில் படித்து, டெக்சாஸில் மேற்படிப்பு முடித்து, கொஞ்ச காலம் நெடுஞ்சாலைகளுக்கு அளவெடுத்து, பிறகு கம்ப்யூட்டர் வரைபடத்துக்கு மாறியவன். கலிபோர்னியாவில் லிவர்மோர் கோயிலுக்குப் பக்கமாக வீடு வாங்கி, மலையைத் தாண்டி தினமும் காரில் ஆபீஸ் போய் வந்தேன். வரைபடத்தில் கோடு சுத்தமாக இருக்க வேண்டும், பட்டியலில் ஒரு பெயர் ஒரு முறைதான் வர வேண்டும். அதுதான் எனக்குத் தெரிந்த தொழில் தர்மம்.

அப்போதுதான் டகோட்டா பழங்குடி மக்களுக்கு அரசாங்கம் ஒதுக்கிய ரிசர்வேஷன் ஒன்றின் நில அலுவலகம் எங்களிடம் வந்தது. அவர்களுடைய பழைய நிலப் பதிவுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ரிசர்வேஷன் என்றால் ஒரே பழங்குடியின் ஒரே நிலம், வரைபடத்தில் ஒரே வண்ணத்தில் அடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். அங்கே போய்ப் பார்த்தால் அது ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருந்தது. ஒப்பந்தத்தில் கொடுத்த நிலத்தை அரசாங்கம் பின்னாளில் குடும்பத்துக்கு நூற்றறுபது ஏக்கர் என்று துண்டு போட்டது. துண்டு போட்டது போக மிஞ்சியதை வெளியாட்களுக்குத் திறந்துவிட்டது. துண்டு கிடைத்தவர்களிலும் பலருடைய நிலம் வரி கட்ட முடியாமலும் விற்பனையிலும் கைமாறிப் போனது. தப்பித்த துண்டுகளும் முழுசாக இல்லை. சொந்தக்காரர் இறந்தால் நிலத்தைப் பிரிக்க மாட்டார்கள், பங்கை மட்டும் பிரிப்பார்கள். நாலு தலைமுறை கழித்து ஒரே வயலுக்கு இருநூறு பேர் சொந்தக்காரர்கள். யாராலும் அதில் ஒரு கொட்டகைகூடப் போட முடியாது.

அந்த அலுவலகத்தின் தலைவி வெர்னா. எனக்குப் பத்து வயது மூத்தவர். கனத்த உடம்பு, மெதுவான நடை, அதைவிட மெதுவான பேச்சு. அலுவலகத்தில் எல்லாரும் அவரை ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் பார்க்கிறவர்களை எல்லாம் ஆன்ட்டி என்கிற கூட்டம் நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே நானும் கூப்பிட்டேன். என் கம்பெனியிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரர் அதிர்ந்து போனார். வெர்னா ஒரு காபியை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் மனசில் அது தமிழாகவே தங்கிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

வெர்னா வேலை செய்யும் முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எந்த வரைபடமும் அவர் அலுவலகத்தை விட்டு வெளியே போவதற்கு முன்னால் அதைப் பெரிதாக அச்சடித்து நடுமேசையில் விரிக்க வேண்டும். மேசை மேல் நிலம் இருக்கும்போது யாரும் உட்காரக் கூடாது. அவர் வடக்கு ஓரத்தில் தொடங்கி விரலை வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அதை முதலில் பெற்றவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவார். நான் எண்ணைச் சொன்னால் காதில் விழாதது போல நிற்பார். பெயரைச் சொன்னால்தான் விரல் நகரும். வெளியாட்களிடம் போய்விட்ட துண்டுகளையும் விடமாட்டார், அவற்றுக்கும் பழைய பெயர்தான். ஒரு பெயர் மறந்தால் அன்றைக்கு வரைபடம் போகாது. அலுவலகத்தில் ஒருவர் எழுந்து யாருக்காவது போன் செய்து கேட்டு வருவார். முதல் தடவை நாலு மணி நேரம் நின்றேன். என் கால் கெஞ்சியது. எழுபது வயதை நெருங்கியவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது?

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தினம் காலையில் முதல் வேலையாக இரங்கல் அறிவிப்புகளைப் படிப்பார். பக்கத்து ஊர்கள், தூரத்து நகரங்கள், எல்லாப் பத்திரிகையும். ‘இவருக்குப் பின் இன்னார் இன்னார் இருக்கிறார்கள்’ என்ற வரிக்கு வந்ததும் பென்சிலை எடுப்பார். பிரிந்து போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்ததெல்லாம் அந்த வரியிலிருந்துதான். நான் கம்ப்யூட்டரைத் தட்டிக் கண்டுபிடித்ததைவிட அவர் பென்சிலில் கண்டுபிடித்தவர்கள் அதிகம்.

இனி டெலோரிஸ் விஷயம். டெலோரிஸ் அந்த ரிசர்வேஷன் பள்ளிக்கூடத்தில் சமையல்காரர். மூன்று படுக்கையறை வீட்டில் பதினொரு பேரோடு இருந்தார். அவர் மகள் அங்கேயே கிளினிக்கில் நர்ஸ், அவளுக்கு மூன்று குழந்தைகள். வீடு கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் நகரத்துக்குப் போய்விடுவதாக மகள் சொல்லிவிட்டாள். டெலோரிஸின் பாட்டனாருக்கு அப்பா பெற்ற நூற்றறுபது ஏக்கர் அப்படியே இருந்தது. அதில் ஒரு மூலையில் வீடு கட்டினால் போதும். ஆனால் பங்குகளில் பாதிக்கு மேல் வைத்திருப்பவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நிலத்தில் யாரோ ஒரு வெளி விவசாயி குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தார். அந்தக் குத்தகை இலையுதிர் காலத்தில் முடிகிறது. அதற்குள் கையெழுத்துச் சேராவிட்டால் குத்தகை பல வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுவிடும். இருப்பிடம் தெரியாத பங்காளிகளுக்குப் பதிலாக, பயிர்க் குத்தகைக்கு மட்டும், மத்திய அரசு அலுவலகமே சம்மதம் கொடுக்கலாம் என்று விதியில் ஓர் இடம் இருந்தது. இதுவரை குத்தகை அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“நிலம் போன மாதிரியேதான் ஜனங்களும் போறாங்க. ஒரேயடியா இல்ல, ஒவ்வொரு வீடா” என்றார் வெர்னா. “இந்த அம்மாவும் மூணு பிள்ளைங்களும், நாலு பேரை நான் விடப் போறதில்ல.”

டெலோரிஸ் கோடை முழுக்க அலைந்து பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்த்துவிட்டார். மிச்சத்தில் பெரிய பங்கு ஒரே ஒருவரிடம் இருந்தது. அந்தக் கிளையில் தலைமுறைக்கு ஒற்றைப் பிள்ளையாகவே வந்ததால் பங்கு சிதறாமல் தங்கியிருந்தது. பெயர் லொரெய்ன். பெயருக்கு நேரே, ‘இருப்பிடம் தெரியவில்லை’.

லொரெய்னை நான்தான் கண்டுபிடித்தேன். பெருமையாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் பெருமை போய்விடும். ஐம்பதுகளில் ரிசர்வேஷன் குடும்பங்களை வேலை தருவதாகச் சொல்லி நகரங்களுக்கு அனுப்பும் அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. கலிபோர்னியாவின் ஆக்லண்டுக்கும் சான் ஹோசேக்கும் நிறையப் பேர் வந்தார்கள். வெர்னாவின் முறையில் எங்கள் பக்கத்துப் பழைய பத்திரிகைகளின் இரங்கல் அறிவிப்புகளை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். ஆறாவது சனிக்கிழமை, லொரெய்னின் அம்மா சிக்கினார். ‘இவருக்குப் பின் மகள் லொரெய்ன்’, கல்யாணமான பிறகு வந்த புதுக் குடும்பப் பெயரோடு. விலாசம் ஹேவர்ட். என் வீட்டிலிருந்து மலையைத் தாண்டினால் அரை மணி நேரம்! பல வருஷமாக நான் தினமும் ஃப்ரீவேயில் கடந்து போன ஊர்.

வெர்னாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். ‘முதலில் கடிதம் எழுதுவோம்’ என்று பதில் வந்தது. கடிதம் போய், பதில் வந்து, குத்தகை முடிந்தே போகும் என்று எனக்குப் பட்டது. அன்று மதியமே சம்மதப் பத்திரத்தை அச்சடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கதவைத் திறந்தவருக்கு எண்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த தலை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பத்திரத்தைக் கையில் வாங்கி மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது.

“படிக்கக்கூட வேண்டாம்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான். கடைசிப் பக்கத்துல போட்டா போதும். ஊர்ல எங்க நிலத்துக்கு நானே இப்படித்தான் எங்க அண்ணனுக்குப் பவர் எழுதிக் குடுத்தேன். ஒரு வரி படிக்கல.”

இதில் பொய்யே இல்லை. நம்மில் எத்தனையோ பேர் தூதரக வரிசையில் நின்று பார்க்காத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பியவர்கள்தான். அதைச் சொன்னால் அந்தம்மாவுக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

லொரெய்ன் கண்ணாடி தேடுவதை நிறுத்தினார். “எங்க அம்மாகிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க. ‘வேலை இருக்கு, வீடு இருக்கு, படிக்க வேண்டாம், கையெழுத்து மட்டும் போடு’ன்னு. எனக்கு அப்ப எட்டு வயசு, பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்” என்றார். பத்திரத்தை மடித்து என் கையில் வைத்தார். கதவைச் சாத்தினார், அதையும் மெதுவாகத்தான் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து சரசுவிடம் சொன்னேன். “ஏனுங்க, எட்டாத தூரத்துச் சொந்தக்காரராட்டப் போயி, தண்ணி வாங்கிக் குடிக்கறதுக்கு முன்னால ஃபாரத்த நீட்டுனீங்களாக்கும்?” என்றாள். “அதும் வெறுங்கைய வீசிட்டு!” அவள் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும், சிரித்துவிட்டாள்.

வெர்னாவுக்குப் போன் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வெர்னா கேட்டார்: “நீ உன் நிலத்துக்குப் படிக்காமதான் போட்டியா?”

“ஆமாங்க ஆன்ட்டி.”

“ஏன்?”

“கேட்டது எங்க அண்ணன்.”

“சரி. லொரெய்னுக்கு நீ யாரு?”

அவ்வளவுதான் கேட்டார். என்னைத் திட்டவில்லை, வேலையிலிருந்து மாற்றச் சொல்லவும் இல்லை. வேறு எந்த அதிகாரியாக இருந்தாலும் என் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் பறந்திருக்கும். ஐந்தாம் நாள் என் வீட்டு வாசலில் ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து வெர்னா இறங்கினார். மூன்று நாள் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். விமானத்தில் வரைபடச் சுருளை மடிக்கச் சொல்வார்களாம்.

மறுநாள் அவரோடு ஹேவர்ட் போனேன். கையில் பத்திரம் எதையும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் கையில் வரைபடமும், வெங்காயச் சரம் போலப் பின்னி உலர்த்திய, அவர்கள் ஊர்ப் புல்வெளியில் விளையும் கிழங்குச் சரமும் இருந்தன. கதவு திறந்ததும் வெர்னா தன் வேலையைச் சொல்லவில்லை, நிலத்தைச் சொல்லவில்லை. “உங்க அம்மாவோட அம்மாவும் எங்க அம்மாவோட அம்மாவும் அக்கா தங்கச்சி. அதனால நான் உங்களுக்குத் தங்கச்சி” என்றார்.

என் கம்பெனிக்காரர்களிடம் இந்த உறவைச் சொன்னால் காகிதம் பென்சில் எடுத்து வரைந்து, ஏதோ தூரத்துச் சொந்தம் என்பார்கள். எனக்கு ஒரு நொடியும் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டிலும் அது அக்கா தங்கச்சிதான். லொரெய்ன் வெர்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிழங்குச் சரத்தை வாங்கி முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்தது. வெர்னா நின்றார், நானும் நின்றேன். கொஞ்ச நேரத்தில் லொரெய்னும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். வடக்கு ஓரத்திலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்த வெர்னா, ஒரு துண்டில் விரலை வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவருக்கா அந்தப் பெயர் தெரியாது! எனக்குக்கூடத் தெரியும். வாயைத் திறக்கப் போனவனை ஒரு பார்வையால் அடக்கினார். லொரெய்ன்தான் சொன்னார், தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரை, டகோட்டா மொழியில். எழுபது வருஷமாகப் பேசாத மொழி என்று பிறகு சொன்னார். கிழக்குச் சரிவில் காட்டு பிளம் புதர் இருந்ததே, இப்போதும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் வெர்னா.

அதற்குப் பிறகு டெலோரிஸின் மகளைப் பற்றி, வீட்டைப் பற்றி, குத்தகையைப் பற்றி எல்லாம் லொரெய்னே கேட்டுத் தெரிந்துகொண்டார். பங்காளிகள் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றார். வெர்னா எடுத்துக் கொடுத்தார். லொரெய்ன் தன் பெயரைக் கண்டுபிடித்து, நேரே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

“இருப்பிடம் தெரியவில்லையா? இதே தெருவுல அம்பது வருஷமா இருக்கேன். வரி கட்டுறேன், ஓட்டுப் போடுறேன். நான் எங்கயும் காணாமப் போகல. யாரும் தேடல, அவ்வளவுதான். முதல்ல இதை மாத்துங்க. அப்புறம்தான் கையெழுத்து.”

குத்தகை முடிய இன்னும் மூன்று வாரம். அந்த ஒரு வரியை மாற்ற அரசு அலுவலகத்தில் எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். வெர்னா தயங்கவே இல்லை. “நியாயம்தான்” என்றார்.

காரில் வரும்போது புலம்பித் தீர்த்தேன். “ஆன்ட்டி, இப்பவே கையெழுத்து வாங்கிட்டு அப்புறமா மாத்தியிருக்கலாமே. டெலோரிஸ் மக ஊரை விட்டுப் போயிட்டா?”

“போகலாம்” என்றார் வெர்னா. “ஆனா ஒருத்தரை இல்லாதவங்களா வெச்சுக்கிட்டே அவங்ககிட்ட நிலத்தைக் கேட்கறதை நான் செய்யமாட்டேன். அதை வேற ஆளுங்க நிறைய செஞ்சுட்டாங்க.” என் வாழ்க்கையில் நான் பார்த்த அதிகாரிகளில் இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சாதாரணமாகப் பணயம் வைத்தவர் வேறு யாருமில்லை.

அந்த மூன்று வாரத்தை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. லொரெய்னின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், அம்மாவின் இறப்புச் சான்றிதழ், நோட்டரி முன் வாக்குமூலம். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவற்றைச் சேர்த்து அனுப்பினேன். ஊருக்குத் திரும்பிய வெர்னா தினம் காலை எட்டு மணிக்கு அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தார். குரலை உயர்த்த மாட்டார். “லொரெய்ன் விஷயமா” என்று மட்டும் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை போனை வைக்காமல் காத்திருப்பாராம். ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்தாராம். எதிர்முனையில் இருந்த பெண் கடைசியில் தானே எழுந்து போய்க் கோப்பைத் தேடி எடுத்து வந்தாள் என்று டெலோரிஸ் சொன்னார்.

குத்தகை முடிய நாலு நாள் இருக்கும்போது திருத்திய பட்டியல் வந்தது. அதையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, நோட்டரியையும் கூட்டிக்கொண்டு ஹேவர்ட் போனேன். இந்த முறை சரசு ஒரு டப்பாவில் பருப்புப் பாயசம் கொடுத்தனுப்பினாள். போனை ஸ்பீக்கரில் வைத்தோம். அந்தப் பக்கம் வெர்னாவும் டெலோரிஸும்.

லொரெய்ன் பத்திரத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். பதினாலு பக்கம். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டார், வெர்னா விளக்கினார். நோட்டரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவை வாங்கி, அவசரமே இல்லாமல் முழுப் பெயரையும் எழுதினார். போனில் டெலோரிஸ் அழுவது கேட்டது.

நோட்டரி முத்திரை வைத்துக்கொண்டிருந்தபோது லொரெய்ன் திருத்திய பட்டியலைக் கையில் எடுத்தார். தன் பெயரையும் அதற்கு நேரே புதிதாக ஏறியிருந்த ஹேவர்ட் விலாசத்தையும் விரலால் ஒரு முறை தடவினார்.

“வெர்னா, இந்த விலாசத்தை அடுத்த வருஷம் ஊர்ப் பக்கமா மாத்தணும்னா, மறுபடியும் இவ்வளவு பாடு படணுமா?”

வெர்னா போனை விட்டு முகத்தைத் திருப்பிப் பேசுவது தூரத்தில் கேட்டது.

“டெலோரிஸ், அழுததெல்லாம் போதும். வீட்டு பிளானைக் கொண்டா. இன்னொரு ரூம் சேர்க்கணும்.”